டிவியில் மழை, தெருவில் வெயில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொலைக்காட்சி சொன்ன வானிலையும் வாசலில் அடிக்கிற வானிலையும் ஒத்துப்போகாதபோது எழும் கேள்விகள் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். என்னிடம் அதிகம் கேட்கப்படுபவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். நான் வானிலை அதிகாரி அல்ல. மழைமானியும் ரேடார் படமுமாகப் பழகிப்போன ஆள், அவ்வளவுதான்.

மழை என்று சொன்னார்கள். எங்கள் தெருவில் ஒரு பொட்டு விழவில்லை. அறிக்கை பொய்தானே?

உங்கள் தெருவுக்கென்று யாரும் எதுவும் சொல்லவில்லை என்பதுதான் முதல் விஷயம். தொலைக்காட்சி அறிக்கை ஒரு பெரிய பரப்புக்கும் பல மணி நேரத்துக்கும் சேர்த்துச் சொல்லப்படுவது. அந்தப் பரப்பில் எங்கோ, அந்த நேரத்துக்குள் எப்போதோ மழை பெய்திருந்தால் சொன்னவர் கணக்கில் அது பலித்த கணிப்பு. குடையோடு வெயிலில் நடந்த உங்கள் கணக்கில் அது பொய்த்த கணிப்பு. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

வெப்பச்சலன மழை, அதாவது சூடேறிய காற்று மேலெழுந்து மேகமாகிக் கொட்டும் மழை, பெய்யும் நாளில் இது அப்பட்டமாகத் தெரியும். ஒற்றை இடிமேகம் சில கிலோமீட்டர் அகலம்தான் இருக்கும். பிறந்து, கொட்டித் தீர்த்து, கலைந்துபோக அதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் போதும். அதன் ஓரத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? சாலையின் அந்தப் பக்கம் தார் கறுத்து ஆவி பறக்கும். இந்தப் பக்கம் புழுதி அப்படியே கிடக்கும். அங்கிருந்து சொட்டச் சொட்ட நனைந்து வருகிறவரைக் காய்ந்த தெருவில் நிற்கிறவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். அந்த ஓரம் எந்தத் தெருவில் விழும் என்று முந்தின நாள் இரவே சொல்ல இன்று உலகில் எந்தக் கணினியாலும் முடியாது.

காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் கொண்டுவரும் மழை வேறு ரகம். அது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரப்பில் வானத்தை மூடிக்கொண்டு வரும். அங்கே "மழை" என்று சொன்னால் பெரும்பாலும் எல்லோர் வீட்டிலும் மழைதான். ஆக, அறிக்கை கேட்கும்போது மழை உண்டா இல்லையா என்பதோடு, எதனால் வரும் மழை என்பதையும் காதில் போட்டுக்கொள்ளுங்கள். அந்த ஒரு சொல்லிலேயே கணிப்பை எவ்வளவு நம்பலாம் என்பது பாதி தெரிந்துவிடும்.

"30 சதவீத வாய்ப்பு" என்றால் நாளில் 30 சதவீத நேரம் பெய்யுமா, ஊரில் 30 சதவீத இடத்தில் பெய்யுமா?

நேரமும் இல்லை, இடமும் இல்லை. இதே போன்ற 10 நாட்களை எடுத்துக்கொண்டால் அவற்றில் சுமார் 3 நாட்கள் உங்கள் இடத்தில் அளக்கக்கூடிய மழை விழும் என்பதுதான் பொருள். அமெரிக்காவில் 1960களின் நடுவிலிருந்து பொதுமக்களுக்கு இப்படிச் சதவீதத்தில் சொல்லிவருகிறார்கள். அங்கே "அளக்கக்கூடியது" என்றால் ஓர் அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு, அதாவது கால் மில்லிமீட்டர். தரை நனைந்ததா என்று சந்தேகப்படும் அளவு தூறலும் கணக்கில் சேர்ந்துவிடும்.

குழம்புவது நீங்கள் மட்டும் இல்லை. உளவியலாளர் கெர்ட் கிகெரென்சரும் உடன் ஆய்வாளர்களும் ஐந்து நகரங்களில் மக்களிடம் இதையே கேட்டு 2005இல் முடிவை வெளியிட்டார்கள். நியூயார்க்கில்தான் பெரும்பான்மையோர் சரியான பொருளைச் சொன்னார்கள். ஆம்ஸ்டர்டாம், பெர்லின், மிலான், ஏதென்ஸ் நகரங்களில் பலரும் நேரம் என்றோ பரப்பு என்றோதான் நினைத்திருந்தார்கள்.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. 30 சதவீதம் என்று சொல்லி மழை பெய்தாலும் சொன்னவர் தப்பித்தார், பெய்யாவிட்டாலும் தப்பித்தார். ஒரே ஒரு நாளை வைத்துச் சதவீதக் கணிப்பைக் குறைகூற முடியாது. 30 என்று சொன்ன நாட்களையெல்லாம் திரட்டி, அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான நாட்களில் மழை பெய்ததா என்று பார்த்தால்தான் தெரியும். வானிலைத் துறைகள் இந்தக் கணக்கைச் சளைக்காமல் பார்க்கின்றன. தொலைக்காட்சி நேயர் யாரும் பார்ப்பதில்லை. நேயருக்கு நினைவில் நிற்பது நனைந்த நாள் மட்டும்தான்.

"ஓரிரு இடங்களில்", "பரவலாக" என்பதெல்லாம் மழுப்பல்தானே?

மழுப்பல் மாதிரித்தான் கேட்கும். ஆனால் பின்னால் எண் இருக்கிறது. இந்திய வானிலைத் துறையின் கணக்கில், ஒரு பகுதியிலுள்ள மழை அளவு நிலையங்களில் கால்வாசிக்குள் பெய்தால் ஓரிரு இடங்கள். பாதி வரை என்றால் சில இடங்கள். முக்கால் வரை பல இடங்கள். அதற்கும் மேல் போனால் பரவலான மழை. மற்ற நாடுகளிலும் இப்படி ஏதாவது ஒரு வரையறை இருக்கும், வரம்புகள்தான் மாறும். "ஓரிரு இடங்களில் கனமழை" என்று கேட்டுவிட்டு உங்கள் ஊரில் பெய்யவில்லையே என்று வருத்தப்பட்டால், பெரும்பான்மை நிலையங்களுக்கு நேர்ந்ததுதான் உங்களுக்கும் நேர்ந்திருக்கிறது.

கணினி, செயற்கைக்கோள் எல்லாம் வந்த பிறகுமா இப்படி?

கணினி பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொண்டுதான் கணக்குப் போடுகிறது. ஐரோப்பிய நடுத்தரக் கால வானிலைக் கணிப்பு மையத்தின் உலகளாவிய கணிப்பில் ஒரு கட்டம் சுமார் 9 கிலோமீட்டர். அமெரிக்க உலகக் கணிப்பில் சுமார் 13. ஒரு கட்டத்துக்கு ஒரு வெப்பநிலை, ஒரு காற்று, ஒரு மழை அளவு. அந்தக் கட்டத்துக்குள் ஒரு குன்று, ஓர் ஏரி, நெருக்கமான கடைத்தெரு, வெட்டவெளி வயல் என்று எது இருந்தாலும் எல்லாம் சராசரியாகக் கரைந்துவிடும். இடிமேகம் கட்டத்தைவிடச் சிறியது என்பதால் அதைக் கணினி நேராகப் பார்ப்பதில்லை. "இந்தக் கட்டத்தில் இவ்வளவு சூடு, இவ்வளவு ஈரம் இருக்கிறது, இவ்வளவு மழை வரலாம்" என்று ஒரு சூத்திரத்தால் ஊகிக்கிறது. ஒரு சில கிலோமீட்டர் கட்டம் கொண்ட வட்டாரக் கணிப்புகளும் இருக்கின்றன. அவை மேகத்தை உருவாக்கிக் காட்டும், ஆனால் அந்த மேகத்தைப் பக்கத்துத் தாலுகாவில் நிறுத்தினாலும் நிறுத்தும்.

முதல் முயற்சி எப்படி இருந்தது என்று தெரிந்தால் இன்றைய நிலை மேல் கொஞ்சம் மரியாதை வரும். லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர் 1910 மே 20ஆம் தேதியின் வானிலையைப் பின்னாளில் கையாலேயே கணக்கிட்டு, 1922இல் வெளியிட்டார். ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 ஹெக்டோபாஸ்கல் மாறும் என்று விடை வந்தது. உண்மையில் அன்று அழுத்தம் அசையவே இல்லை என்று சொல்லலாம். விடை அபத்தம் என்று தெரிந்தே அவர் அதை மறைக்காமல் அச்சிட்டார். வழி சரி என்பது பிறகு நிரூபணமானது. 1950இல் எனியாக் என்ற ஆரம்பகாலக் கணினி 24 மணி நேரக் கணிப்பைப் போட்டு முடிக்க ஏறக்குறைய 24 மணி நேரமே எடுத்துக்கொண்டது. இன்று பத்து நாள் கணிப்பு ஒரு மணி நேரச் சொச்சத்தில் தயார்.

மாலையில் மழை என்றார்கள், நள்ளிரவில் கொட்டியது. இதையும் பலித்தது என்பார்களா?

என்பார்கள். மாலையில் கல்யாண வரவேற்பு வைத்திருந்தவருக்கும் இரவு நிம்மதியாகத் தூங்கியவருக்கும் அது ஒரே கணிப்பு இல்லை என்பது நிஜம்தான். ஆனால் நாளையின் இடிமழையை மணிக் கணக்கில் குறித்துத் தரும் நிலைக்கு இந்தத் துறை இன்னும் வரவில்லை.

டிவி ஒன்று சொல்கிறது, போன் செயலி இன்னொன்று சொல்கிறது. எதை நம்ப?

இரண்டும் வேறு வேறு சமையல். செயலி பெரும்பாலும் ஒரு கணினிக் கணிப்பிலிருந்து உங்கள் இடத்துக்கு அருகிலுள்ள கட்டத்தின் எண்ணை எடுத்து, கொஞ்சம் சரிக்கட்டி, உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுக் காட்டுகிறது. ஊர்ப் பெயர் இருப்பதால் ஊருக்கென்றே பார்த்துச் சொன்னது போலத் தோன்றும். பல சமயம் இடையில் மனிதர் எவரும் இல்லை. தொலைக்காட்சியில் வருவது அநேகமாக வானிலைத் துறை ஆள் பல கணிப்புகளை ஒப்பிட்டு எழுதிய அறிக்கை. ஆனால் அது சில மணி நேரம் பழையதாக இருக்கும், இரண்டு மூன்று நிமிடத்தில் சுருக்கியும் சொல்லப்படும். ஒரு பெரிய மாநிலத்தை இரண்டு நிமிடத்தில் சொல்லும்போது உங்கள் தாலுகாவுக்குக் கிடைக்கும் நேரத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

என் பழக்கத்தைச் சொல்கிறேன். நாளை, நாளை மறுநாள் எப்படி என்பதற்கும் எச்சரிக்கைக்கும் வானிலைத் துறை அறிக்கை. அடுத்த இரண்டு மணி நேரத்துக்கு ரேடார் படம். செயலி காட்டும் பத்தாம் நாள் மணிவாரி மழைக்கு மதிப்பே தருவதில்லை.

செயற்கை நுண்ணறிவுக் கணிப்புகளைப் பற்றியும் இப்போது கேட்கிறார்கள். ஐரோப்பிய மையம் அப்படி ஒன்றை 2025 பிப்ரவரியில் அன்றாட இயக்கத்துக்குக் கொண்டுவந்தது. புயலின் பாதை போன்ற பெரிய விஷயங்களில் இவை நன்றாகவே செய்கின்றன. தெருமுனை மழைச் சிக்கல் அவற்றுக்கும் இருக்கிறது.

திரையில் வரும் மேகப் படம், சூரியப் படத்தைப் பார்த்தே முடிவு செய்யலாமா?

அறிக்கையிலேயே மிக மோசமான பகுதி அதுதான் என்பேன். 24 மணி நேரத்துக்கும் ஒரே படம். அந்த நாளில் நடக்கக்கூடியவற்றில் கவனிக்க வேண்டிய ஒன்றை எடுத்து அங்கே ஒட்டுவார்கள். பிற்பகலில் அரை மணி நேர இடிமழைக்கு வாய்ப்பிருந்தால் போதும், மேகத்திலிருந்து மின்னல் விழும் படம் வந்துவிடும். காலையிலிருந்து மாலை வரை சுள்ளென்று அடித்த வெயிலுக்கு அதில் இடமே இல்லை. படத்தைப் பார்க்காதீர்கள், வாசிப்பவர் சொல்லும் வாக்கியத்தைக் கேளுங்கள்.

38 டிகிரி என்கிறார்கள். என் மாடியில் இருக்கும் வெப்பமானி 44 காட்டுகிறது. குறைத்துச் சொல்கிறார்களா?

இந்தச் சந்தேகம் ஒவ்வொரு கோடையிலும் தவறாமல் வருகிறது. குறைத்துச் சொல்லவில்லை, வேறொன்றை அளக்கிறார்கள்.

அவர்கள் அளப்பது காற்றின் வெப்பநிலையை, அதுவும் நிழலில். வெள்ளை வண்ணம் பூசிய, பக்கங்களில் சாய்ந்த பலகைகள் வைத்த ஒரு பெட்டி. கலங்கரை விளக்கப் பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன் 19ஆம் நூற்றாண்டில் வடிவமைத்தது. வெயில் உள்ளே விழாது, காற்று தாராளமாகப் போய் வரும். தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டருக்கும் 2 மீட்டருக்கும் இடைப்பட்ட உயரத்தில், கூடுமானவரை புல்தரை மேல் கருவி இருக்க வேண்டும் என்பது உலக வானிலை அமைப்பின் விதி. இன்று பல இடங்களில் பெட்டிக்குப் பதில் அடுக்குத் தட்டுகள் போன்ற பிளாஸ்டிக் கூடும் மின்னணு உணரியும் வந்துவிட்டன. விதி அதேதான்.

உங்கள் மாடி வெப்பமானி வெயிலில் இருந்தால் அது காற்றை அளக்கவில்லை. வெயிலில் காய்ந்த தன்னையே அளந்து காட்டுகிறது. நிழலில் இருந்தாலும் கீழே சூடேறிய சிமென்ட் தளமும் பக்கத்தில் கொதிக்கும் சுவரும் இருந்தால் எண் ஏறத்தான் செய்யும். காரில் காட்டும் வெப்பநிலையும் அப்படித்தான். நின்ற வண்டியில் அது எஞ்சினையும் சாலையையும் சேர்த்துச் சொல்லும். பத்து நிமிடம் ஓட்டிய பிறகு பார்த்தால் இறங்கியிருக்கும்.

இது கருவிப் பிசகு. நிஜமான வித்தியாசமும் உண்டு. அந்த 38 எடுக்கப்பட்ட நிலையம் பல நகரங்களில் விமான நிலையத்தில்தான் இருக்கிறது, அதாவது வெட்டவெளியில். நெரிசலான வீதியில் இரவு அவ்வளவு சீக்கிரம் குளிராது. லண்டனில் லூக் ஹோவர்ட் என்ற வானிலை ஆர்வலர் 1810களிலேயே இதை அளந்து எழுதிவிட்டார்: நகரத்துக்குள் இரவு வெளிப்புறத்தைவிட ஏறக்குறைய 2 டிகிரி செல்சியஸ் கூடுதல். ஆகவே டிவி சொன்ன இரவு வெப்பநிலைக்கும் உங்கள் படுக்கையறைக்கும் பொருத்தமில்லை என்றால் வியக்க ஒன்றுமில்லை.

"உணரும் வெப்பம்" என்று ஒன்றும் சில சேனல்களில் சொல்கிறார்கள். அது அளந்த எண் அல்ல, வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிட்டது. புழுக்கமான நாளில் உடம்புக்கு அதுதான் உண்மைக்கு நெருக்கம்.

மலையடிவாரம், கடற்கரை என்றால் கூடுதலாகத் தவறுமா?

ஆம். ஆனால் தவறுவதிலும் ஓர் ஒழுங்கு இருக்கும், அதைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

மலைப்பகுதியில் மேலே ஏற ஏற, கிலோமீட்டருக்குச் சராசரியாக ஆறரை டிகிரி குளிரும். டிவி சொல்வது கீழே இருக்கும் நகரத்தின் எண் என்றால் உங்கள் உயரத்துக்கு ஏற்பக் கழித்துக்கொள்ளுங்கள். ஆனால் காற்றில்லாத, மேகமில்லாத இரவுகளில் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். குளிர்ந்த காற்று கனமானது; சரிவில் வழிந்து பள்ளத்தாக்கில் தேங்கும். சரிவின் நடுவில் இருக்கும் வீட்டைவிட அடியில் இருக்கும் வயல் கூடுதலாகக் குளிரும், பனிமூட்டமும் அங்கேதான் படியும். மழையிலும் இப்படி: ஈரக் காற்று மோதும் பக்கம் கொட்டும்போது மறுபக்கம் மழை மறைவுப் பகுதியாகக் காய்ந்து கிடக்கும். 9 கிலோமீட்டர் கட்டத்தில் உயரமான முகடு ஒரு மொண்ணை மேடாகத்தான் கணினிக்குத் தெரிகிறது. அதனால் ஈரப்பக்கத்து மழையைக் குறைத்தும் மறைவுப் பக்கத்து மழையைக் கூட்டியும் அது சொல்ல வாய்ப்பு அதிகம்.

கடற்கரையில் எல்லாம் கடற்காற்றின் கையில். அது முற்பகலில் சீக்கிரம் நுழைந்தால் வெப்பம் உச்சிக்கு ஏறும் முன்பே அடங்கிவிடும். எதிர்க்காற்று அதைப் பிற்பகல் வரை கடலிலேயே தடுத்து நிறுத்தினால் கரையோர நகரம் உள்நாட்டுக்குச் சமமாகக் கொதிக்கும். ஒரு மணி நேரம் முன்பின்னானால் அன்றைய அதிகபட்ச வெப்பநிலை மூன்று நான்கு டிகிரி மாறிப்போகும். கடற்காற்று உள்ளே தள்ளிக்கொண்டு போகும் முனையில்தான் பல நாட்களில் மாலை இடிமேகம் கிளம்புகிறது. கரையில் இருப்பவர் தூரத்து மின்னலைப் பார்த்துக்கொண்டிருக்க, உள்ளே இருப்பவர் நனைவார்.

உங்கள் இடம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒரு பருவம் கவனித்தால் போதும். "டிவி சொல்வதைவிட இரண்டு டிகிரி குறைவு; மேற்கிலிருந்து வரும் மேகம் பெய்யும், வடக்கிலிருந்து வருவது ஏமாற்றும்" என்கிற மாதிரி ஒரு திருத்தம் உங்கள் கையில் இருக்கும். எந்தச் சேனலும் அதை உங்களுக்குத் தர முடியாது.

காற்று 20 கிலோமீட்டர் வேகம் என்றார்கள், துணியெல்லாம் பறந்துவிட்டது.

சொல்லப்படும் வேகம் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில், திறந்த வெளியில், சில நிமிடங்களின் சராசரி. நடுவே வரும் வீச்சு அதைவிட ஒன்றரை மடங்கு, இடிமழைக்கு முன்பு அதற்கும் மேல். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே இருக்கும் சந்தில் காற்று தன்னிஷ்டம்.

ரேடாரில் எங்கள் ஊர் மேல் பச்சையும் மஞ்சளுமாக இருக்கிறது, வெளியே மழை இல்லை. எப்படி?

ரேடார் தரையைப் பார்ப்பதில்லை, மேலே காற்றைப் பார்க்கிறது. அதன் மிகத் தாழ்வான கதிரே பெரும்பாலும் அரை டிகிரி மேல்நோக்கித்தான் போகும். பூமி வேறு வளைந்து கீழே இறங்கிக்கொண்டே போகிறது. ரேடாரிலிருந்து 200 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறீர்கள் என்றால் அந்தக் கதிர் உங்கள் தலைக்கு மேல் சுமார் 4 கிலோமீட்டர் உயரத்தில் கடக்கிறது. அங்கே துளிகள் இருப்பது உண்மை. கீழே வரும் வழியில் காய்ந்த காற்றில் ஆவியாகிவிட்டால் உங்களுக்கு ஒன்றும் வராது. மேகத்தின் அடியில் சாம்பல் நிற நூல்கள் தொங்கி, பாதி வழியில் மறைவதை நேரிலேயே பார்க்கலாம். வறண்ட காற்று இருக்கும் மாலைகளில் இது சாதாரணம்.

எதிர்மாறாகவும் நடக்கும். தாழ்வான மேகத்திலிருந்து பெய்யும் தூறலின் மேலாகக் கதிர் போய்விட்டால், படம் சுத்தமாக இருக்கும், நீங்கள் நனைந்துகொண்டிருப்பீர்கள். மலைக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு ரேடார் குருடு.

ஒரே ஒரு படத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் கடைசி ஒரு மணி நேரப் படங்களை ஓடவிட்டுப் பாருங்கள். திட்டு எந்தத் திசையில் நகர்கிறது, நகர நகர வளர்கிறதா, மங்குகிறதா? மங்கிக்கொண்டே வந்தால் உங்களை எட்டும்போது அது வெறும் குளிர்காற்றாகத்தான் இருக்கும். ஊர்த் தலைக்கு மேலேயே புதிதாக முளைக்கும் மேகத்துக்கு மட்டும் இந்த உத்தி உதவாது.

வேண்டுமென்றே மழையைக் கூட்டிச் சொல்கிறார்களா?

கொஞ்சம் உண்டு. மழை இல்லை என்று சொல்லி நனையவைத்தால் திட்டு விழும். மழை என்று சொல்லிக் காய்ந்துவிட்டால் "பரவாயில்லை, தப்பித்தோம்" என்பார்கள். இந்த ஏற்றத்தாழ்வு தெரிந்த எவரும் ஈரப்பக்கம்தான் சாய்வார். அமெரிக்க வானிலைச் சேனல் ஒன்றின் கணிப்புகளைச் சோதித்து 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வு, குறைந்த சதவீதங்களில் மழை வாய்ப்பு உண்மையைவிடக் கூடுதலாகச் சொல்லப்பட்டதைக் காட்டியது. நேயர் கையில் குடை இருக்கட்டும் என்பதுதான் இதன் பின்னுள்ள எண்ணம். அரசுத் துறைகளின் கணிப்பில் இந்தச் சாய்வு பொதுவாகக் குறைவு.

அப்படியானால் எச்சரிக்கையையும் கழித்துக் கேட்கலாமா?

கூடாது. மேலே சொன்ன தள்ளுபடியெல்லாம் அன்றாட வானிலைக்குத்தான்.

1987 அக்டோபர் 15ஆம் தேதி பிரிட்டனில் பிபிசியின் வானிலை அறிவிப்பாளர் மைக்கேல் ஃபிஷ், சூறாவளி வருவதாக ஒரு பெண் தொலைபேசியில் சொன்னதைக் குறிப்பிட்டு, கவலைப்பட வேண்டாம் என்று புன்னகையோடு சொல்லிவிட்டுப் போனார். அன்றிரவு தெற்கு இங்கிலாந்தில் வீசிய காற்றில் சுமார் ஒன்றரைக் கோடி மரங்கள் சாய்ந்தன, 18 பேர் இறந்தார்கள். புயல் வரும் என்பது கணிப்பில் இருந்தது. அதன் பாதையும் கடுமையும்தான் தப்பிப்போயின. ஒரே ஒரு கணிப்பை மட்டும் நம்பக் கூடாது என்ற எண்ணம் வலுப்பட அந்த இரவும் ஒரு காரணம். 1992 இறுதியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும், தொடக்க நிலையைச் சிறிது சிறிதாக மாற்றிப் பல கணிப்புகளை ஒருசேர ஓட்டும் முறை அன்றாட வேலையாயிற்று. இன்று ஐரோப்பிய மையம் 51 கணிப்புகளை இப்படி ஓட்டுகிறது. 51ம் ஒன்று போல வந்தால் தைரியமாகச் சொல்வார்கள். ஆளுக்கொரு திசையில் சிதறினால் அறிவிப்பாளர் வாயிலிருந்து "வாய்ப்புள்ளது" வரும்.

எச்சரிக்கை விடும்போது அவர்கள் பார்ப்பது எது அதிகம் சாத்தியம் என்பதை மட்டுமல்ல, நடந்துவிட்டால் என்ன சேதம் என்பதையும். மூன்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள வெள்ளத்துக்கும் எச்சரிக்கை விடத்தான் வேண்டும். அதனால் எச்சரிக்கைகளில் சில வீணாகப் போகும். போன தடவை வீணாய்ப் போனது என்பதால் இந்தத் தடவை ஆற்றங்கரையில் படுத்துறங்குவது வேறு விஷயம். உங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாக இருந்தாலும் மேல்பகுதியில் பெய்த மழை ஆற்றில் வந்து சேரும்.

எத்தனை நாளுக்கு முன்னால் சொல்வதை நம்பலாம்?

வெப்பநிலை என்றால் ஐந்து நாள் வரை தாராளமாக. பெரிய மழை மண்டலம், புயல் என்றால் மூன்று நான்கு நாள் முன்பு திசை தெரியும், கடைசி இரண்டு நாளில் இடம் தெளிவாகும். இடிமழை என்றால் அடுத்த நாளே கடினம். வெப்பமண்டலப் பகுதிகளில் இந்த எல்லாமே ஒரு படி குறைவுதான். அங்கே மழை பெரிய அமைப்புகளைவிட வெப்பச்சலனத்தையே அதிகம் நம்பியிருக்கிறது.

சுமார் இரண்டு வாரத்துக்கு அப்பால் குறிப்பிட்ட நாளின் வானிலையைச் சொல்ல முடியாது என்பது கருவியின் குறை அல்ல, காற்றின் குணம். எட்வர்ட் லோரன்ஸ் என்ற அமெரிக்க வானிலை விஞ்ஞானி 1961இல் தன் கணினியில் ஒரு கணக்கை மறுபடி ஓட்டும்போது 0.506127 என்ற எண்ணை 0.506 என்று சுருக்கிப் போட்டார். சிறிது நேரம் இரண்டு விடைகளும் ஒட்டியே போயின, பிறகு ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் பிரிந்தன. வளிமண்டலத்தை எவ்வளவு நுணுக்கமாக அளந்தாலும் அப்படி ஒரு கடைசி இலக்கம் விடுபட்டுக்கொண்டுதான் இருக்கும். அடுத்த மாதம் 17ஆம் தேதி பகல் 3 மணிக்கு மழை என்று எவராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

எந்தக் கருவியும் இல்லாமல், வெளியே பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா?

அடுத்த அரை மணி, ஒரு மணி நேரத்துக்கு முடியும். பஞ்சுமூட்டை மேகம் அகலத்தைவிட உயரத்தில் வேகமாக வளர்ந்து, உச்சி கூர்மை இழந்து பட்டடைக்கல் போலத் தட்டையாக விரிந்தால் அது முதிர்ந்த இடிமேகம். புழுக்கத்தின் நடுவே திடீரென்று குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தால் பக்கத்தில் எங்கோ மழை இறங்கிவிட்டது. மின்னலுக்கும் இடிக்கும் இடைப்பட்ட நொடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். 30 நொடிக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது; கட்டடத்துக்குள் போய்விடுங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்து வெளியே வரலாம். இந்த ஒரு விஷயத்தில் டிவி சொன்னதா இல்லையா என்று காத்திருக்க வேண்டாம்.

மழையை நானே அளந்து பார்க்கலாமா?

தாராளமாக. வாயும் அடியும் ஒரே அகலமுள்ள, நேர்ப் பக்கங்கள் கொண்ட எந்தப் பாத்திரமும் ஆகும். உள்ளே நிற்கும் நீரின் ஆழத்தை அளவுகோலால் மில்லிமீட்டரில் பார்த்தால் அதுதான் மழை அளவு. வாய் பெரிதோ சிறிதோ ஆழம் ஒன்றுதான். மேலே விரிந்து கீழே குறுகும் வாளி மட்டும் வேண்டாம், அது கூட்டிக் காட்டும். 1 மில்லிமீட்டர் என்பது சதுர மீட்டருக்கு 1 லிட்டர் நீர். மரம், சுவர் ஆகியவற்றின் உயரத்தைப் போல இரண்டு மடங்காவது தள்ளி வையுங்கள்.

ஒப்பிடும்போது தேதியில் ஏமாறாதீர்கள். வானிலை நிலையங்கள் பொதுவாகக் காலையில் அளந்து, முந்தைய 24 மணி நேரத்துக்கான மழையாக அன்றைய தேதியில் பதிகின்றன. நேற்று மாலை உங்கள் வீட்டில் கொட்டியது இன்றைய கணக்கில்தான் இருக்கும். "நேற்று பூஜ்யம் என்று போட்டிருக்கிறார்கள், பச்சைப் பொய்" என்ற புகார்களில் பாதி இதனால்தான்.

ஒத்துப்போகவில்லை என்றால் யாரிடம் சொல்வது?

சேனலுக்கு எழுதிப் பயனில்லை, அவர்கள் வாங்கிச் சொல்பவர்கள். பல வானிலைத் துறைகளும் தன்னார்வ அமைப்புகளும் பொதுமக்களின் அளவீடுகளை வாங்கிக்கொள்கின்றன. அமெரிக்காவின் கொலராடோவில் ஃபோர்ட் காலின்ஸ் நகரில் 1997 ஜூலை 28 இரவு, ஒரு பகுதியில் சில மணி நேரத்தில் ஓர் அடிக்கு மேல் மழை கொட்டி ஐந்து பேர் இறந்தார்கள். அதே நகரின் மற்றப் பகுதிகளில் சாதாரண மழைதான். அடுத்த ஆண்டே அங்கு வீட்டுக்கு வீடு மழைமானி வைத்து அளவைத் திரட்டும் கோகோராஸ் என்ற தன்னார்வத் திட்டம் தொடங்கியது. இப்போது அது பல்லாயிரம் பேர் பங்கேற்கும் வலையமைப்பு.

அனுப்புவதானால் இடம், நேரம், மில்லிமீட்டர் மூன்றும் வேண்டும். "செம மழை" என்பதை எவராலும் வரைபடத்தில் ஏற்ற முடியாது. பெய்யாத நாளிலும் பூஜ்யம் என்று அனுப்புங்கள். எண் வராத இடத்தில் மழை இல்லையா, அளந்தவர் ஊரில் இல்லையா என்பது அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது.